கம்பம்மா பார்த்த இருட்டுப் படம்

அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருக்கிறது. மற்றபடி நகரசபைக் கட்டடத்தின் மூன்று மாடிகளிலும் அவளைக் கம்பம்மா என்றுதான் சொல்வார்கள். அவள் காதுபடச் சொல்வதில்லை, அவ்வளவுதான். தெருவிளக்குப் புகார்ப் பிரிவில் இருபத்தாறு வருடமாக ஒரே மேஜை, ஒரே நாற்காலி. எதிரே வந்து நிற்பவர் அழுதாலும் சரி, கத்தினாலும் சரி, அவள் தலையை நிமிர்த்தாமல் கேட்பது ஒன்றுதான்: "கம்ப எண்?"

ஊரில் உள்ள ஒவ்வொரு விளக்குக் கம்பத்துக்கும் ஒரு எண் உண்டு. ஆள் உயரத்தில் கறுப்புச் சாயத்தில் எழுதியிருக்கும். புகார்ப் படிவத்தின் மூன்றாவது வரி அதற்காகவே இருக்கிறது. அந்த வரி நிரம்பியிருந்தால் படிவம் லைன்மேனிடம் போகும், மூன்று நாளில் விளக்கு எரியும். காலியாக இருந்தால் சிவப்பு முத்திரை விழும்: 'கம்ப எண் குறிப்பிடாததால் திருப்பி அனுப்பப்படுகிறது.' கீழே அவளுடைய இரண்டெழுத்துக் கையொப்பம். நகல் ஒன்று அலுவலகக் கட்டோடு சேரும். அசல், உறை எழுதும் குமாஸ்தாவிடம் போய்த் தபாலில் வீடு திரும்பும்.

இதில் அவளுக்கென்று ஒரு கைப்பழக்கம் உண்டு. படிவத்தை மேஜைமேல் போட்டதும் இடது உள்ளங்கையால் அதன் மேல் பகுதியை அழுத்திப் பிடித்துக்கொள்வாள். மின்விசிறிக் காற்றில் தாள் பறக்காமல் இருக்க ஆரம்பித்த பழக்கம். அந்த உள்ளங்கைக்கு அடியில்தான் புகார் கொடுத்தவரின் பெயரும் முகவரியும் இருக்கும். அவள் கண் நேராக மூன்றாவது வரிக்குப் போகும். காலி என்றால் நாலாவது வரியில் என்ன கதை எழுதியிருக்கிறது என்று படிக்கிற வழக்கமே கிடையாது. "எல்லார் கதையையும் படிச்சா ஆபீஸ் நடக்குமா?" என்பாள். இந்த வேகத்தில் ஒரு நாளைக்கு நூறு படிவம் பார்க்கலாம். அவள் பார்த்தும் இருக்கிறாள்.

கணவர் செருப்புக் கடையில் விற்பனையாளர். முப்பது வருடமாக முக்காலியில் உட்கார்ந்து ஊரார் பாதங்களைப் பார்த்தே காலம் தள்ளியவர். ஒரு காலைப் பார்த்தால் போதும், அளவு, நடை, எந்தப் பக்கம் தேயும் என்பதெல்லாம் சொல்லிவிடுவார். அதைத் தவிர வேறு எதையும் அதிகம் சொல்ல மாட்டார். வீட்டில் பேசுவதற்கு ஓர் ஆள் இருக்கும்போது இன்னோர் ஆள் எதற்கு என்று விட்டுவிட்டார் போலிருக்கிறது. இவர்களுக்கு ஒரே மகள். பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பறையில் வேலை, சினிமாப் பைத்தியம்.

அந்த மகள்தான் சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தவள். தோழிகள் இரண்டு பேர் கடைசி நேரத்தில் காலை வாரிவிட, கையில் மூன்று டிக்கெட்டோடு வந்து நின்றாள்.

"அம்மா, ஊரே பேசுது இந்தப் படத்தை. சூப்பர் ஹீரோ படம், ஆனா வழக்கமா வர்ற மாதிரி கலகலன்னு இருக்காது. ரொம்ப ஆழமான படம். வாயேன்."

"ஞாயித்துக்கிழமை. துவைக்கிற துணி கிடக்கு."

"துணி ஓடிப் போயிடாது. அப்பா, நீங்க சொல்லுங்க."

அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். அவர் சொல்வது அவ்வளவுதான்.

கம்பம்மா தியேட்டருக்குப் போய் நாலு வருடம் ஆகியிருந்தது. கடைசியாகப் பார்த்த படத்தின் பெயர் மறந்துவிட்டது; வெளியேறும் வழிக்கு மேலே இருந்த விளக்கு எரியவில்லை என்பது மட்டும் ஞாபகம் இருந்தது. இந்தத் தடவை அது எரிந்தது. திருப்தியோடு உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு இரண்டே முக்கால் மணி நேரம் அவளுக்குத் திருப்தி தரும்படி எதுவும் நடக்கவில்லை.

கதை இதுதான். ஓர் ஊர். அங்கே எப்போது பார்த்தாலும் மழை. அணைக்கட்டில் வேலை பார்த்து விரட்டப்பட்ட இன்ஜினியர் ஒருவன் ஊரையே மூழ்கடிப்பேன் என்று கிளம்புகிறான். அவனைப் பிடிக்க, அண்ணனைப் பறிகொடுத்த பெரிய வீட்டுப் பிள்ளை ஒருவன் தலை முதல் கால் வரை கறுப்பு ரப்பர் உடை மாட்டிக்கொண்டு கூரைக்குக் கூரை தாவுகிறான். சந்து சந்தாக இறங்கி அடிக்கிறான். அடித்த பிறகு மழையில் நின்று வருத்தப்படுகிறான். பேசினால் தொண்டை கட்டிய குரல். மகள் இமைக்காமல் பார்த்தாள். கணவரும் பார்த்தார். கம்பம்மா முதல் பத்து நிமிடம் திரையில் யார் யாரை அடிக்கிறார்கள் என்றே தெரியாமல் கண்ணைக் கசக்கினாள். பிறகு அடிதடியை விட்டுவிட்டுக் கம்பங்களை எண்ண ஆரம்பித்தாள்.

படம் முடிந்து வெளியே வந்ததும் மகள் போனை நீட்டிப் படம்பிடித்தபடி கேட்டாள்: "சொல்லும்மா, படம் எப்படி?"

கேட்டது தப்பு. அணை உடைந்தது அப்போதுதான்.

"முப்பத்தொன்பது கம்பம் காட்டினான். எண்ணிட்டேன். எரிஞ்சது நாலே நாலு. அதுலயும் ரெண்டு விட்டு விட்டு எரியுது, அது உள்ள இணைப்பு லூஸ். ஒரு ஊர்ல முப்பத்தஞ்சு விளக்கு எரியலைன்னா திருடன் வராம சாமியாரா வருவான்? இருட்டுல நாலு பேரை அடிச்சா நாளைக்கு நாப்பது பேர் வருவான். லைட்டைப் போட்டுப் பாரு, ஒருத்தன் வர மாட்டான். இவ்வளவு வசதி இருக்கிற பையன், கூரை கூரையாத் தாவுற நேரத்துல ஒரு ஃபாரம் வாங்கி, கம்ப எண்ணை எழுதிப் போட்டிருந்தா மூணு நாள்ல ஊரு பளிச்சுன்னு ஆகியிருக்கும். அந்த ஊருக்கு வீரனே வேண்டாம். ஒரு லைன்மேன், ஒரு ஏணி. படம் அரை மணி நேரத்துல முடிஞ்சிருக்கும். அப்புறம் அந்தப் பையன் தொண்டைக்கு உப்புப் போட்டு வெந்நீர் கொப்பளிக்கணும். யாராவது சொல்லுங்க."

மகள் சிரித்துச் சிரித்துப் போனையே கீழே போடப் பார்த்தாள். பிறகு அப்பா பக்கம் திருப்பினாள். "நீங்கப்பா?"

அவர் யோசித்தார். "அவன் போட்டிருக்கிற ஷூ மழையில வழுக்கும். அடி சரியில்லை" என்றார். இன்னும் ஏதோ சொல்ல வந்தவர்போல வாயைத் திறந்து, பஸ் வந்துவிடவே மூடிக்கொண்டார்.

மகள் அதை அன்றைக்கே ஊருக்குக் காட்டிவிட்டாள். 'எங்க அம்மாவின் விமர்சனம்' என்று தலைப்புப் போட்டாள். இரண்டே நாளில் முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் பார்த்துச் சிரித்தார்கள். படத்தைத் தலையில் தூக்கி வைத்து ஆடிய ஒருவர், 'அம்மா, அந்த இருட்டு ஒரு குறியீடு' என்று பெரிய விளக்கம் எழுதியிருந்தார். அதை மகள் வாசித்துக் காட்டியதும் கம்பம்மா, "குறியீடுன்னா கம்பத்துல எழுதியிருக்கணும்ல? எங்க எழுதியிருக்கான்?" என்று கேட்டாள். அதுவும் ஊருக்குப் போயிற்று.

அலுவலகத்தில் அவள் மதிப்பு கூடிவிட்டது. பிரிவுத் தலைவர், அவளைவிடப் பதினைந்து வயது சின்னவர், கூட்டத்தில் அந்தக் காட்சியை எல்லோருக்கும் போட்டுக் காட்டினார். "நம்ம பிரிவுக்கே பெருமை, மேடம்" என்றார். பெருமைப்பட அவர்களிடம் இன்னொன்றும் இருந்தது. புகார்கள் ஒரே வருடத்தில் முக்கால் பங்கு குறைந்ததற்காக மேலிடம் கொடுத்த கேடயம். அதைக் கம்பம்மாவின் நாற்காலிக்குப் பின்னால் இருந்த சின்ன இரும்பு அலமாரிக்கு முன்னால், ஒரு ஸ்டூல் போட்டு அதன்மேல் வைத்திருந்தார்கள். அலமாரியை யாரும் திறப்பதில்லை என்பதால் அது வசதியான இடம்.

புகார் ஏன் குறைந்தது என்று யாரும் கேட்கவில்லை. நல்ல செய்தியைக் குடைந்து பார்க்கிற ஆள் எந்த அலுவலகத்தில் இருக்கிறார்? போன வருடம் ஊர்க் கம்பங்களுக்கெல்லாம் சாம்பல் நிறச் சாயம் பூசினார்கள். சாயம் பூசும் வேலை ஒரு காண்ட்ராக்டருக்கு, பூசிய பிறகு எண் எழுதும் வேலை வேறொருவருக்கு. முதலாமவர் வந்தார், பூசினார், போனார். இரண்டாமவர் இன்னும் வரவில்லை. பழைய எண்ணை நினைவில் வைத்திருந்த சிலரைத் தவிர, எண்ணில்லாத கம்பத்துக்கு எண் போட்டு யாரும் புகார் எழுத முடியாது. எண் போடாத புகார் புகார்க் கணக்கிலேயே வராது. ஆக, ஊர் இருட்டாக ஆக, காகிதத்தில் வெளிச்சம் கூடிக்கொண்டே போயிற்று.

கம்பம்மா வீட்டு வாசல் கம்பமும் சாம்பல் நிறமாகத்தான் நின்றது. அதன் விளக்கு அணைந்து ஏழு மாதம். கம்பத்தை ஒட்டி ஒரு சாக்கடை ஓடுகிறது, மூடி உடைந்துபோனது. மழைக்காலத்தில் சாலையும் சாக்கடையும் ஒரே மட்டமாகத் தெரியும். கணவர் ஒரு தடவை, பேச்சே அபூர்வமான மனிதர், வாயைத் திறந்து கேட்டார்.

"வாசல் லைட்டு எரியலை. ஆபீஸ்ல ஒரு வார்த்தை சொல்லேன்."

"சொந்தத் தெருவுக்குன்னு நான் வாயைத் திறந்தா, நாளைக்கு ஆபீஸ்ல ஒவ்வொருத்தனும் அவன் மாமியார் தெருவுக்குக் கேப்பான். எல்லாரையும் போல ஃபாரம் எழுதிக் குடுங்க. வரிசையில வரட்டும்."

"சரி" என்றார்.

அந்தச் 'சரி'யோடு விஷயம் முடிந்தது என்று அவள் நினைத்தாள். தன் நேர்மையை நினைத்து உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூடப் பட்டுக்கொண்டாள்.

படம் பார்த்து மூன்று வாரம் ஆகியிருக்கும். ஒரு வியாழக்கிழமை மாலை, ஏழரை மணி. நல்ல மழை. கணவர் பஸ்ஸை விட்டு இறங்கி, ஒரு கையில் குடை, ஒரு கையில் பையோடு வந்திருக்கிறார். வாசலுக்கு நாலடி இருக்கும்போது சாலை என்று நினைத்துக் காலை வைத்த இடம் சாலை இல்லை. சத்தம் கேட்டுக் கம்பம்மா ஓடி வந்தாள். வாசலில் நின்று பார்த்தவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. குடை மட்டும் கவிழ்ந்து கிடப்பது மங்கலாகத் தெரிந்தது.

"என்னங்க! எங்க இருக்கீங்க?"

"இங்கதான். நீ வராதே. அங்கேயே நில்லு. விழுந்துடுவே."

சாக்கடைக்குள் கிடக்கிற மனிதர் கரையில் நிற்பவளுக்குச் சொன்ன புத்தி அது. பக்கத்து வீட்டுக்காரர்கள் டார்ச்சோடு வந்து தூக்கினார்கள். கணுக்காலில் இரண்டு இடத்தில் எலும்பு முறிவு. ஊரார் பாதங்களை முப்பது வருடம் கையில் ஏந்திய மனிதருக்குத் தன் பாதத்தைத் தரையில் வைக்க ஆறு வாரம் ஆகும் என்றார் டாக்டர்.

மறுநாள் காலையில் மருத்துவமனையில் நர்ஸ் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்து கொடுத்தாள். "அம்மா, நேத்து இவரு சட்டைப் பையில இருந்தது. நனைஞ்சதைக் காய வச்சிருக்கேன்."

சீப்பு, பஸ் பாஸ், ஷூவுக்குள் குதிகாலை நுழைக்க உதவும் சின்னக் கரண்டி. அப்புறம் நாலாக மடித்த ஒரு தாள். பிரித்தாள். முதலில் கண்ணில் பட்டது சிவப்பு முத்திரை. பிறகு தன் இரண்டெழுத்து. இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாக ஒரு படிவத்தை மேலிருந்து படித்தாள்.

பெயர், அவருடையது. முகவரி, தன்னுடையது. மூன்றாவது வரி காலி. நாலாவது வரியில், செருப்புப் பெட்டிமேல் அளவு எழுதுகிற அதே குண்டு எழுத்தில் இருந்தது: 'கம்பத்தில் எண் இல்லை. சாயம் பூசி மறைத்துவிட்டார்கள். பக்கத்தில் மூடியில்லாத சாக்கடை. என் மனைவிக்கு இருட்டில் கண் சரியாகத் தெரிவதில்லை. அவளாகச் சொல்ல மாட்டாள். தயவுசெய்து கவனிக்கவும்.'

தேதியைப் பார்த்தாள். ஐந்து மாதத்துக்கு முந்தையது. ஐந்து மாதமாக இந்தத் தாள் அவர் சட்டை மாறும்போதெல்லாம் பை மாறி, அவள் பக்கத்திலேயே சாப்பிட்டு, அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து டிவி பார்த்திருக்கிறது. அவள் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, இதைச் சொல்லக்கூடாதா எங்கிட்ட?"

"சொன்னேனே. எழுதிக் குடுக்கச் சொன்னே. குடுத்தேன்."

"திரும்பி வந்ததும் மூஞ்சில விட்டெறிஞ்சிருக்கலாமே!"

"எதுக்கு? முத்திரை நேராப் போட்டிருந்தே. எண்ணு இல்லைங்கறதும் நெசந்தானே." அவர் குரலில் துளி குத்தல் இல்லை. குத்தல் இருந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்தாள். பிறகு சம்பந்தமில்லாமல் கேட்டாள்: "அன்னிக்குப் படம் பாத்தோமே. உங்களுக்குப் பிடிச்சுதா?"

"பிடிச்சுது."

"அந்த இருட்டுப் படமா? அதுல என்ன இருக்கு?"

"ஒரு இடத்துல ஒரு பொம்பளை ஜன்னல்ல நின்னு கூப்பிடுவா, ஞாபகம் இருக்கா? நீ கம்பம் எண்ணிட்டு இருந்திருப்பே. அந்தக் கறுப்பு உடைக்காரன், நீ யாரு, எந்தத் தெரு, எத்தனாம் நம்பருன்னு ஒண்ணும் கேக்க மாட்டான். நேரா அவகிட்டப் போவான்." கட்டுப் போட்ட காலைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார். "அது பிடிச்சுது."

அன்று பஸ் வந்ததும் அவர் சொல்லவந்து சொல்லாமல் விட்ட வார்த்தை இதுதான் என்று கம்பம்மாவுக்கு விளங்கியது. எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு, மகளைக் காவலுக்கு வைத்துவிட்டு, அலுவலகத்துக்குப் போனாள்.

போனவள் நாற்காலியில் உட்காரவில்லை. ஸ்டூலோடு கேடயத்தைத் தூக்கிச் சுவர் ஓரமாக வைத்தாள். அலமாரியைத் திறந்தாள். உள்ளே தடித்த பதிவேடு ஒன்று. ஊரின் எல்லாத் தெருக்களும் அகர வரிசையில். ஒவ்வொரு தெருவுக்கும் கீழே அதன் கம்பங்கள், எந்த வீட்டு வாசலில் எந்த எண் என்ற விவரத்தோடு. கம்பம் நட்ட காலத்தில் எழுதியது. தன் தெருவை எடுத்தாள். தன் வீட்டு எண்ணைத் தேடினாள். அதற்கு நேரே கம்ப எண்: பதினேழு பை நாலு. கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவதாகச் சொல்வார்கள். இவள் அலையவில்லை, ஊரை அலையவிட்டாள். முதுகுக்குப் பின்னால் ஒரு முழத் தூரத்தில் ஊரின் அத்தனை எண்களையும் வைத்துக்கொண்டு, எதிரே நின்றவர்களிடம் எண் கேட்டுக்கொண்டிருந்தாள். இதை எனக்கு முன்னால் அவளே தனக்குச் சொல்லிக்கொண்டாள், இதைவிடக் கடுமையான வார்த்தையில்.

திருப்பி அனுப்பிய படிவங்களின் நகல் கட்டை அவிழ்த்தாள். சாயம் பூசிய நாளிலிருந்து இருநூற்றுப் பதினாலு. முதல் தாளை எடுத்தாள். இடது உள்ளங்கை தானாக மேலே போய் உட்கார்ந்தது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு படித்தாள். பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஒரு கம்பம். மருந்துக்கடை முனையில் ஒன்று. 'என் தகப்பனார் இரண்டு தடவை விழுந்துவிட்டார்' என்று ஒருவர். 'உங்கள் முத்திரை கிடைத்தது, நன்றி, விளக்கு கிடைக்கவில்லை' என்று மூன்றாம் தடவை எழுதிய ஒருவர். பதிவேட்டைப் பார்த்துப் பார்த்து மூன்றாவது வரியை நிரப்பினாள். மத்தியானத்துக்குள் அறுபது ஆயிற்று.

பிரிவுத் தலைவர் ஓடி வந்தார். "மேடம், என்ன இது? இதெல்லாம் முடிஞ்ச புகார்."

"முடிச்சதில்லை சார். திருப்பினது."

"ஒரே வாரத்துல இருநூறு புகார் ஏறினா மேலிடத்துல என்ன சொல்வாங்க? கேடயம் வாங்கி மூணு மாசம்கூட ஆகலை!"

"அதை அங்க ஓரமா வச்சிருக்கேன். உடையலை."

"விதின்னு ஒண்ணு இருக்கு. கம்ப எண்ணைப் புகார் குடுக்கிறவங்கதான் குடுக்கணும். நீங்களே எத்தனை தடவை சொல்லியிருக்கீங்க?"

கம்பம்மா விதிப் புத்தகத்தை எடுத்து அவர் முன்னால் விரித்தாள். "இதுல 'படிவத்தில் கம்ப எண் இருக்க வேண்டும்'னுதான் போட்டிருக்கு. யாரு எழுதணும்னு போடலை. இருபத்தாறு வருஷமா அப்படிப் படிச்சது நான். தப்பு என்னோடது. எழுதி வேணும்னாலும் தரேன்."

எழுதிக் கேட்க அவருக்குத் தைரியம் இல்லை. ஆனால் வாதத்தை விடவும் இல்லை. நாலு நாள் நடந்தது அந்தச் சண்டை. கடைசியில், அவளுடைய விமர்சனத்தைப் பார்த்துச் சிரித்த ஊர் இதையும் பார்க்க நேர்ந்தால் என்ன ஆகும் என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். கையெழுத்துப் போட்டார். கம்பம்மாவுக்கு மிஞ்சியது கட்டிக்கொண்ட தொண்டை. பேசினால் ரம்பம் அறுப்பதுபோல் வந்தது.

வேலை லைன்மேன்களிடம் போயிற்று. இரண்டு லைன்மேன், ஓர் ஏணி. புதுப் புகார்களையும் பார்த்துக்கொண்டு பழையதில் ஒரு நாளைக்கு நாலு விளக்குத்தான் முடியும். மழை பெய்தால் அதுவும் இல்லை. வீட்டில் மகள் கேட்டாள்:

"நம்ம லைட்டு எப்பம்மா?"

"புகார் வந்த தேதிப்படி வரிசை போட்டாச்சு. அப்பாவோடது நூத்தி எண்பத்தேழு."

"என்னது? அப்பா காலு ஒடைஞ்சு கிடக்காரு! நீயே ஏறி மாட்டினாக்கூட ஊரு தப்புச் சொல்லாது!"

"முன்னாடி இருக்கிற நூத்தி எண்பத்தாறு பேரும் இருட்டுலதான் நடக்கிறாங்க."

மகள் தலையில் அடித்துக்கொண்டாள். கட்டிலில் இருந்து ஒரு சத்தம் வந்தது. திரும்பிப் பார்த்தார்கள். கணவர் சிரித்துக்கொண்டிருந்தார், கால் வலிக்க வலிக்க.

ஏழாவது வாரம் அவர் கைத்தடியோடு கடைக்குப் போக ஆரம்பித்தார். லைன்மேன்கள் அப்போது நூற்று நாற்பதில் இருந்தார்கள். முதல் நாள் மாலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. ஏழரைக்குப் பஸ் வந்து நிற்க, அப்பாவைக் கைத்தாங்கலாக இறக்கிக்கொண்டு மகளும் இறங்கினாள். தெரு மையிருட்டாக இருந்தது. தூரத்தில், அவர்கள் வீட்டு வாசல் கம்பத்துக்குக் கீழே, தலை முதல் கால் வரை கறுப்பாக ஓர் உருவம் அசையாமல் நின்றது.

"யாரது?" என்றாள் மகள், அப்பாவின் கையை இறுக்கிப் பிடித்து.

"நான்தான்" என்றது உருவம், கரகரத்த குரலில். டார்ச் எரிந்தது. லைன்மேனிடம் இரவல் வாங்கிய மழைக்கோட்டு, இரண்டு அளவு பெரியது, கணுக்கால்வரை தொங்கியது. தலையில் அதே கறுப்பில் முக்காடு. வெளிச்சம் சாக்கடையின் விளிம்பில் விழுந்திருந்தது. "இடது பக்கம் சாக்கடை. இந்த ஓரமா வாங்க."

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். "அம்மா, நீ இப்ப யாரு மாதிரி இருக்கே தெரியுமா?"

"பேசாம அப்பாவைப் பிடிச்சு நட. தொண்டை மறுபடி கட்டிக்கிச்சு. இருமல் மருந்து வாங்கினியா?"

"எவ்வளவு நேரமா நிக்கிறே?" என்றார் கணவர்.

"ஆறரைலேருந்து. உங்களுக்காக மட்டும் இல்லை. முனை வீட்டு அம்மா போனாங்க, அப்புறம் ரெண்டு பேரு போனாங்க. லைட்டு வர்ற வரைக்கும் ஒரு ஆளு நிக்க வேண்டாமா? நாளைக்கும் நிப்பேன்."

"இருட்டுல உனக்குக் கண்ணு தெரியாதே."

"தெரியாது" என்றாள் அவள். அதை அவள் வாயால் ஒப்புக்கொள்வது அதுதான் முதல் தடவை. "அதான் நகராம ஒரே இடத்துல நிக்கிறேன்."

அவர் கைத்தடியை ஊன்றி மெதுவாகக் குனிந்து, டார்ச் வெளிச்சத்தில் அவள் பாதங்களைப் பார்த்தார். ஈரத்தில் ஊறிய பழைய செருப்பு, குதிகால் பக்கம் தேய்ந்து வழவழவென்று ஆகியிருந்தது.

"இது மழையில வழுக்கும்" என்றார். "நாளைக்கு வேற கொண்டு வரேன்."

அளவு என்ன என்று கேட்கவில்லை.